இடுப்பு வலியும் நம்ம கடன் பதிவேடும்

(வட்டாரக் கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் நமது கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம். வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே தருகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கலாம்.)



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் என்று பேசுகிற கூட்டத்தில் இன்றைக்கு இடுப்பு வலியைப் பற்றிப் பேசப் போகிறோம். "இதுக்கும் குழுவுக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் யோசிக்கலாம். சம்பந்தம் இருக்கிறது. எந்தக் குழுவின் கடன் பதிவேட்டைப் புரட்டினாலும் 'மருத்துவச் செலவு' என்ற வரி திரும்பத் திரும்ப வருகிறது. என்ன மருத்துவம் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால், "இடுப்பு வலிதான். ஊசி போட்டேன், ஸ்கேன் எடுத்தேன், பெல்ட் வாங்கினேன்" என்கிறார்கள். "வலி போச்சாக்கா?" என்று கேட்டால், "எங்க போச்சு? கடன்தான் நிக்குது" என்கிறார்கள்.

வலியும் நிற்கிறது, கடனும் நிற்கிறது. இந்த இரண்டையும் குறைக்க முடியுமா என்பதுதான் இன்றைய பேச்சு. முடியும். அதற்கு முதலில் நம் முதுகைப் பற்றி நாம் நம்பிக்கொண்டிருக்கும் சில விஷயங்களைச் சரி பார்க்க வேண்டும்.

நம்ம ஊர் நிலவரம்

2020-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 62 கோடி பேருக்கு இடுப்பு வலி இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மனிதர்களை வேலை செய்ய விடாமல் முடக்குகிற காரணங்களில் இதற்குத்தான் முதலிடம். ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது.

நமக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. விடிகாலையில் குனிந்து வாசல் பெருக்குவதில் ஆரம்பிக்கிறோம். பிறகு தண்ணீர். பதினைந்து லிட்டர் குடம் என்றால் தண்ணீர் மட்டுமே 15 கிலோ. அதை ஒரு பக்க இடுப்பில் வைத்து எத்தனை நடை நடக்கிறோம்? அப்புறம் நடவு, களை, கடலை பிடுங்குவது, புல்லுக்கட்டு. வீட்டுக்கு வந்தால் மறுபடியும் குனிந்து அடுப்பு, பாத்திரம், துணி. ராத்திரி படுக்கும்போது "அம்மாடி" என்று ஒரு சத்தம் வருகிறதே, அது எல்லா வீட்டிலும் கேட்கிற சத்தம்தான்.

முதல் முறை இடுப்புப் பிடித்துக்கொண்டால் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே குறைந்துவிடும். மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்தால் அதை நாள்பட்ட வலி என்கிறோம். இப்படி வலி உள்ளவர்களில் 100-க்கு சுமார் 90 பேருக்கு, "இந்த எலும்புதான் காரணம், இந்த நரம்புதான் காரணம்" என்று விரல் வைத்துக் காட்டும்படி ஒரு தனிக் கோளாறு இருப்பதில்லை. அப்படியானால் வலி பொய்யா? இல்லை. வலி நூற்றுக்கு நூறு நிஜம். அது எப்படி உண்டாகிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

வாசல் நாய் ஏன் குரைக்கிறது?

வீட்டுக் காவலுக்கு ஒரு நாய் வளர்க்கிறோம். திருடன் வந்தால் குரைக்கிறது. நல்லது. நம் உடம்பில் வலி செய்கிற வேலையும் அதுதான். முள் குத்தினால், தசை பிடித்தால், "பார்த்து, பார்த்து" என்று எச்சரிக்கிறது.

ஆனால் அந்த நாய் ஒரு முறை நன்றாகப் பயந்துவிட்டால் என்ன ஆகும்? திருடன் போன பிறகும் குரைக்கும். தபால்காரர் வந்தாலும் குரைக்கும், இலை விழுந்தாலும் குரைக்கும். நாள்பட்ட இடுப்பு வலியில் பெரும்பாலும் நடப்பது இதுதான். முதலில் பட்ட அடி ஆறியிருக்கும். நரம்பு மண்டலம் மட்டும் பயம் தெளியாமல் சின்ன அசைவுக்கும் எச்சரிக்கை கொடுத்துக்கொண்டே இருக்கும்.

ஆகவே சகோதரிகளே, ஒன்றை மனதில் வையுங்கள். நாள்பட்ட வலியில், வலிக்கிற ஒவ்வொரு தடவையும் முதுகு கெட்டுப்போகிறது என்று அர்த்தம் இல்லை.

தூக்கம் கெட்டால், வீட்டில் சண்டை என்றால், தவணை கட்டும் தேதி நெருங்கினால் வலி கூடுகிறதா? பலருக்குக் கூடுகிறது. "மனசுலதான் வலி, சும்மா சொல்றா" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கவலையும் தூக்கமின்மையும் அந்த நாயை இன்னும் மிரள வைக்கின்றன. சுமையும் கவலையும் ஒரே உடம்பில்தானே இறங்குகின்றன?

நாம் நம்பும் மூன்று காரணங்கள்

கிராமங்களில் நாங்கள் அடிக்கடி கேட்கும் முதல் பேச்சு: "எலும்பு தேஞ்சு போச்சுன்னு சொல்லிட்டாங்க." இதைக் கேட்ட நாளிலிருந்து அந்த அக்கா குனியவே பயப்படுகிறார். முள்ளெலும்புகளுக்கு நடுவில் இருக்கிற ஜவ்வு வயதாக ஆகக் கொஞ்சம் வற்றும், கொஞ்சம் பிதுங்கும். அது தலைமுடி நரைப்பதைப் போல. வலியே இல்லாத 3,000-க்கும் மேற்பட்டவர்களின் ஸ்கேன் முடிவுகளைத் தொகுத்து 2015-ல் ஓர் ஆய்வு வந்தது. 20 வயதுக்காரர்களிலேயே 100-க்கு 37 பேருக்கு ஜவ்வுத் தேய்மானம் இருந்தது. 50 வயதுக்காரர்களில் 100-க்கு 80 பேருக்கு இருந்தது. இவர்கள் யாருக்கும் வலி இல்லை! ஸ்கேன் தாளில் 'தேய்மானம்' என்று எழுதியிருந்தால் அதுவே உங்கள் வலிக்குக் காரணம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

இரண்டாவது பேச்சு: "பிரசவ ஆபரேஷனுக்கு முதுகுல ஊசி போட்டாங்க, அதுலருந்துதான்." ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கலாம். ஆனால் வருடக் கணக்கான இடுப்பு வலிக்கு அந்த ஊசி காரணம் இல்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. ஊசி போடாமல் பிள்ளை பெற்ற பெண்களுக்கும் இடுப்பு வலி வருகிறது. கர்ப்பத்தில் வயிற்றுத் தசைகள் விரிந்து பலம் குறைகின்றன. பிள்ளையை இடுப்பில் தூக்குகிறோம், குனிந்து பால் கொடுக்கிறோம், ராத்திரித் தூக்கம் இல்லை, உடம்பு தேறும் முன்னே வேலைக்குப் போகிறோம். இதையெல்லாம் விட்டுவிட்டு ஊசியின் மேல் பழி போடுகிறோம். இதில் ஒரு ஆபத்தும் உண்டு. இந்தப் பயத்தால் அவசரத்தில்கூடச் சிலர் ஆபரேஷனுக்குத் தயங்குகிறார்கள்.

மூன்றாவது பேச்சு கொஞ்சம் கூச்சத்தோடு வரும்: "வெள்ளை படுது, அதான் எலும்பை உருக்குது." வெள்ளைப்படுதலில் எலும்பு உருகி வெளியே வருவதில்லை. வாடை இல்லாமல், அரிப்பு இல்லாமல் கொஞ்சம் படுவது இயல்பு. வாடை, அரிப்பு, நிற மாற்றம், அடிவயிற்று வலி இருந்தால் அது தொற்று. கூச்சப்படாமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி மருந்து சாப்பிட வேண்டும்.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இடுப்பு வலி, வெள்ளைப்படுதல் என்று போகிற பெண்களிடம் "கர்ப்பப்பையை எடுத்துட்டா சரியாயிடும்" என்று சொல்கிற இடங்கள் உண்டு. மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் ஏராளமானோர் கர்ப்பப்பையை இழந்திருந்தது 2019-ல் பெரிய செய்தியாகி, அந்த மாநில அரசு குழு போட்டு விசாரித்தது. கர்ப்பப்பையில் கட்டி, நிற்காத உதிரப்போக்கு, அடி இறக்கம் போன்றவற்றுக்கு மருத்துவர் சொல்லும் சிகிச்சை வேறு. வெறும் இடுப்பு வலிக்காகக் கர்ப்பப்பையை எடுக்க யாராவது சொன்னால், அரசு மருத்துவமனையில் இன்னொரு மருத்துவரிடம் கேட்காமல் சம்மதிக்காதீர்கள்.

காசு எங்கே போகிறது?

2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட இடுப்பு வலிக்கென்றே வழிகாட்டுதல் ஒன்றை வெளியிட்டது. இடுப்பு பெல்ட்டை வழக்கமாகப் போட வேண்டாம், எடை கட்டி இழுக்கும் வைத்தியம் வேண்டாம் என்று அதில் இருக்கிறது. உடற்பயிற்சி, வலியைப் பற்றிய விளக்கம், மனதுக்கான ஆலோசனை, நீவி விடுதல் ஆகியவை உதவும் என்றும் சொல்கிறது. நம் பாட்டிமார் எண்ணெய் தேய்த்து நீவி விட்டார்களே, அதில் சுகம் உண்டு. ஆனால் நீவியதும் படுத்துக்கொள்ளாமல் எழுந்து நடக்க வேண்டும்.

வலி மாத்திரை? கடுமையான நாட்களில், மருத்துவர் சொன்ன அளவில், சாப்பாட்டுக்குப் பிறகு, சில நாட்களுக்கு மட்டும். மெடிக்கலில் 'செட்டு மாத்திரை' வாங்கி மாதக் கணக்கில் போட்டால் வயிறு புண்ணாகும், சிறுநீரகம் கெடும். வயிற்றுப் புண், ரத்தக்கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். 'ஒரே வாரத்தில் எல்லா வலியும் போகும்' என்று பேர் தெரியாத பொடி விற்றால் வாங்காதீர்கள். அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கக் கூடும்.

அப்படியென்றால் என்ன செய்வது?

முதல் மருந்து, அசைவு. வலி என்று நாள் கணக்கில் படுத்தால் தசை மெலிகிறது, உடம்பு இறுகுகிறது, பயம் கூடுகிறது. அடுத்த முறை குனியும்போது இன்னும் வலிக்கிறது.

"நாள் பூரா வேலை செய்யுறோமே, அதுவே உடற்பயிற்சி இல்லையா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வேலையில் ஒரே மாதிரி மணிக்கணக்கில் குனிகிறோம், அளவு நம் கையில் இல்லை. பயிற்சியில் எல்லாப் பக்கமும் அசைகிறோம், அளவு நம் கையில். அதுதான் வித்தியாசம்.

*நடை:* ஆஸ்திரேலியாவில் இடுப்பு வலி வந்து சரியான 701 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 2024-ல் முடிவு வந்தது. படிப்படியாக நடைப் பயிற்சி கொடுத்து விளக்கமும் சொன்னவர்களுக்கு, வலி திரும்பி வர நடுத்தரமாக 208 நாட்கள் ஆயின. மற்றவர்களுக்கு 112 நாட்களிலேயே வந்துவிட்டது. நடைக்கு என்ன செலவு? ஒன்றுமில்லை. தலையிலும் இடுப்பிலும் சுமை இல்லாமல், கையை வீசி, முதலில் 10 நிமிடம் நடங்கள். வாரா வாரம் கொஞ்சம் கூட்டி, 30 நிமிடம், வாரத்துக்கு ஐந்து நாள் என்ற அளவுக்கு வாருங்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்து போனால் விட மனசு வராது.

*முழங்கால் அணைப்பு:* பாயில் மல்லாந்து படுத்து இரண்டு காலையும் மடக்குங்கள். ஒரு முழங்காலைக் கையால் பிடித்து நெஞ்சுப் பக்கம் கொண்டுவந்து பத்து எண்ணுங்கள். மெதுவாக விடுங்கள். மாற்றி மாற்றி ஐந்து முறை.

*இடுப்புத் தூக்கல்:* அதே மாதிரி படுத்து, பாதத்தைத் தரையில் ஊன்றி இடுப்பை மட்டும் மேலே தூக்குங்கள். ஐந்து எண்ணி இறக்குங்கள். ஐந்து முறையில் ஆரம்பித்துப் பத்து வரை கூட்டலாம்.

*பின் சாய்தல்:* இது வயலுக்கானது. குனிந்த வேலையிலிருந்து நிமிர்ந்து, இரண்டு கையையும் இடுப்பில் வைத்து மெதுவாகப் பின்னால் சாயுங்கள். ஐந்து முறை.

செய்யும்போது வலி கொஞ்சம் கூடினால் பயப்பட வேண்டாம். மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அளவு சரி. மறுநாளும் கூடுதலாகவே இருந்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், ஒரேயடியாக விட்டுவிடாதீர்கள். கர்ப்பிணிகளும், சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்களும் மருத்துவரையோ நர்சம்மாவையோ கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

வேலையைப் பிரித்துச் செய்யுங்கள்

நம் பெண்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வலி குறைவாக இருக்கிற நாளில், "இன்னைக்கு நல்லாருக்கு" என்று ஆறு நாள் வேலையை ஒரே நாளில் இழுத்துப் போட்டுச் செய்வது. மறுநாள் எழுந்திருக்க முடியாமல் படுப்பது. நல்ல நாளில் அதிகம், கெட்ட நாளில் ஒன்றுமில்லை. இப்படி ஏறி இறங்கினால் வலி அடங்காது.

வலி வந்த பிறகு நிறுத்தாமல், வருவதற்கு முன்னே நிறுத்திப் பழகுங்கள். 40 நிமிடம் களை எடுத்தால் வலி பிடிக்கிறது என்றால், 30 நிமிடத்தில் நிமிர்ந்து, வரப்பு வரை நடந்து, தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி ஆரம்பியுங்கள். "கூலிக்குப் போற எடத்துல அப்படி நிக்க விடுவாங்களா?" ஒருத்தி நிமிர்ந்தால், "என்ன நின்னுட்ட?" என்பார்கள். ஒரு பாத்தி முடிந்ததும் வரிசையில் உள்ள எல்லோரும் சேர்ந்து நிமிர்ந்தால் யாரை அதட்டுவார்கள்? ஒன்று சேர்ந்து சேமிக்கத் தெரிந்த நமக்கு, ஒன்று சேர்ந்து நிமிரத் தெரியாதா?

வீட்டில் துடைப்பத்துக்கு நீளக் காம்பு போடுங்கள். துவைக்கிற கல்லை, அடுப்பை இடுப்பு உயரத்துக்கு ஏற்றுங்கள். ஒரு முழுக் குடத்துக்குப் பதில் இரண்டு பக்கமும் சமமாக இரண்டு சின்னக் குடம் தூக்குங்கள். சைக்கிள் ஓட்டுகிற மகன் வீட்டில் இருந்தால் தண்ணீர் கேனை அவன் எடுத்து வரட்டும். தண்ணீர் எடுப்பது பெண் வேலை என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது?

வலி கண்ணுக்குத் தெரியாது. கையில் கட்டுப் போட்டிருந்தால் வீட்டில் உள்ளவர்கள் உதவுவார்கள். இடுப்பு வலி என்றால் "சாக்கு சொல்றா" என்பார்கள். இந்தக் கட்டுரையை வீட்டில் கணவருக்கும் மாமியாருக்கும் வாசித்துக் காட்டுங்கள். மாமியாருக்கும் அதே வலி இருக்கும், அவர்களிடமும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இந்த அறிகுறிகள் இருந்தால் தாமதிக்காதீர்கள்

இவ்வளவு நேரம் பயப்படாதீர்கள் என்றோம். இப்போது சொல்வதை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள்.

- சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போவது, அல்லது சிறுநீர் வராமல் கட்டிக்கொள்வது
- பிறப்புறுப்பைச் சுற்றி, தொடை இடுக்கில் மரத்துப்போவது
- காலில் பலம் குறைந்து தடுமாறுவது, செருப்பு தானாகக் கழன்று விழுவது
- விழுந்து அடிபட்ட பிறகு வந்த கடும் வலி. மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு எலும்பு மெலிந்திருக்கலாம் என்பதால் சின்னச் சறுக்கலுக்குப் பிறகு வந்தாலும் காட்ட வேண்டும்
- வலியோடு சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு, ராத்திரி வியர்வை. இது முதுகெலும்புக் காசநோயாக இருக்கலாம். அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் மருந்தும் இலவசம், முழுதாகக் குணமாகும்
- முன்பு புற்றுநோய் இருந்தவர்களுக்குப் புதிதாக வரும் வலி
- காய்ச்சல், குளிரோடு விலாப் பக்க வலி, சிறுநீர் எரிச்சல்

முதல் மூன்றும் அவசரம். அன்றைக்கே, ராத்திரியானாலும், 108-ஐக் கூப்பிட்டுப் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். இடுப்பிலிருந்து கால் வரை சுள்ளென்று இழுத்து மதமதப்பாக இருந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் ஆபரேஷன் இல்லாமலே குறையும்.

குழு என்ன செய்யலாம்?

இடுப்பு வலிக்கு என்று ஒரு உறுப்பினர் கடன் கேட்டால், குழு மூன்று கேள்வி கேட்கட்டும். ஒன்று: மேலே சொன்ன அறிகுறிகளில் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் கூட்டத்துக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே பணம் கொடுத்து, கூட ஒருவர் துணைக்குப் போக வேண்டும். இரண்டு: அரசு மருத்துவமனையில் காட்டியாயிற்றா? மூன்று: ஸ்கேன் எடுக்கச் சொன்னால், "இதோட முடிவு எப்படி வந்தா வைத்தியம் மாறும்?" என்று மருத்துவரிடம் கேட்டாயிற்றா? கடனை மறுப்பதற்காக இந்தக் கேள்விகள் இல்லை. தேவையில்லாத கடனிலிருந்து நம் சகோதரியைக் காப்பதற்காக.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுப்பதும் ஒரு பகுதி. அதன் சுகாதாரத் தன்னார்வலர்களாக நம்மைப் போன்ற குழுப் பெண்களே தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். நம் பகுதியில் பிசியோதெரபி எந்த நாளில், எங்கே கிடைக்கும் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊக்குநர்கள் கேட்டு, தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு முன் ஒவ்வொரு குழுவும் ஒரே ஒரு வேலை செய்தால் போதும். கூட்டம் ஆரம்பிக்கும் முன் எல்லோரும் எழுந்து நின்று அந்தப் பின் சாய்தலை ஐந்து முறை செய்யுங்கள். உட்கார்ந்த பிறகு, "யாருக்கு இடுப்பு வலி, எத்தனை மாசமா?" என்று ஒருவரை ஒருவர் கேளுங்கள். வெளியே சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிற ஒரு அக்கா அங்கே கட்டாயம் இருப்பார். அவர் வாய் திறந்து சொல்லட்டும், குழு காது கொடுத்துக் கேட்கட்டும்.